மதுரை மகாலின் இடிபாடும் ஒரு பழம் நிழற்படமும்

கி.பி. 1858-இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞரான காப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்தார். மெழுகூட்டிய காகிதத்தில் அவர் பதிவு செய்த காட்சிகளுள் திருமலை நாயக்கர் மகாலின் இடிபாடுகளும் அடங்கும். நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த காலத்தில் (1866–1872) மகால் செப்பனிடப்பட்டது. ஆகவே, செப்பனிடுவதற்கு முந்தைய நிலைக்கு அப்படங்களே நேர்ச் சாட்சிகள்.

1636-ஆம் ஆண்டளவில் எழுந்த அம்மாளிகையைச் சிதைத்தவர் அயலார் அல்லர். நாயக்கரின் பேரர் சொக்கநாதரே அதன் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். கிஸ்ராவின் மாளிகையை இடிக்க முனைந்து கலீஃபா ஹாரூன் ரஷீத் தோற்றதை இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் குறிப்பிடுகிறார். அவர் கருத்தில் கட்டடத்தின் பருமை, அதை எழுப்பிய அரசின் வலிமைக்கு அளவுகோல். மகாலில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அதுவே நம்மை வியக்க வைக்கிறது.

எஞ்சிய பகுதியின் பெயர் சொர்க்க விலாசம். பெயருக்கேற்பவே அதன் அமைப்பும் உள்ளது. கீழே தூண்கள் சூழ்ந்த சதுரம், மேலே எண்கோணம், உச்சியில் வட்டக் குவிமாடம். சதுரத்தை மண்ணுக்கும் வட்டத்தை விண்ணுக்கும் குறியீடாகக் கொள்வது கட்டடக்கலையாளர் பலரின் மரபு. மன்னனின் கொலு மண்டபத்துக்கு மேல் ஒரு வானம் கவிந்திருக்கிறது.

அலை விளிம்புடைய வளைவுகளும் குவிமாடமும் தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களை நினைவூட்டுவன. யாளிகளும் சுதைச் சிற்பங்களும் தமிழ்நாட்டின் கோயில் மரபைச் சார்ந்தவை. இதனைக் கண்டு, ‘இது எங்கள் கலை’ என்று உரிமை கொண்டாட நமக்கு ஆவல் எழலாம். ஆனால் கீழக்கரை, காயல்பட்டினப் பழம் பள்ளிவாசல்களின் கல் தூண்களையும் போதிகைகளையும் நோக்குவோம். அவை கோயில் தச்சர் கைவழக்கிலேயே அமைந்தவை. அங்கு நாம் பெற்றோம். இங்கு நாயக்கர் பெற்றார். கற்றச்சனின் உளி சமயம் பார்த்துச் செதுக்கவில்லை.

எம் திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழில் தழைத்து, ஊர் பெருகி, மக்களும் பெருகினர். தொழ இடம் போதாமையால் ஓட்டுக் கூரைப் பள்ளிகள் சில இடிக்கப்பட்டுக் கான்கிரீட் மாடிகள் எழுந்தன. இதைக் குறை கூறுவதற்கில்லை, தேவை அத்தகையது. ஆயினும் இடிக்குமுன் ஒரு படமேனும் எடுத்தோமா? அயல்நாட்டுப் படைவீரர் ஒருவர் மதுரைக்குச் செய்ததை, நம் பாட்டனார் கட்டிய பள்ளிக்கு நாம் செய்யத் தவறினோம். எஞ்சியிருக்கும் பள்ளிகளின் நிர்வாகிகள் இதனைச் சிந்திப்பார்களாக.