கேட்ட விலையும் படிந்த விலையும்: இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைகளின் வரலாறு

இணையச் சந்தைகளில் சாதாரணப் பொருள்களுக்குக்கூடச் சில நேரங்களில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் விலை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அச்சில் இல்லாத பழைய நூல், குளியலறை வாளி, ஐந்து ரூபாய் நோட்டு என்று இந்தப் பட்டியல் நீளும். பார்ப்பவர் சிலர் சிரித்துவிட்டுக் கடந்து போவர். சிலர் அதை உண்மையான மதிப்பு என்று நம்பிவிடுவர். அந்த நம்பிக்கையால் பணம் இழந்தவர்களும் உண்டு. இத்தகைய விலைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றுக்கு என்ன பொருள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலை படிதல்

தமிழில் 'விலை படிந்தது', 'விலை படியவில்லை' என்று சொல்லும் வழக்கம் உண்டு. மாட்டுச் சந்தையில் விற்பவர் ஒரு தொகையைக் கேட்பார். வாங்குபவர் வேறொரு தொகைக்குக் கேட்பார். இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் விலை படியும். அதற்கு முன் சொல்லப்பட்டதெல்லாம் வெறும் கேட்ட விலைதான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் எளிதில் விளங்கும்.

தொடக்க காலம்

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் 'ஆக்சன்வெப்' என்னும் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது பழுதான லேசர் சுட்டி ஒன்று என்றும், அது 14.83 டாலருக்குப் போனது என்றும் அந்நிறுவனம் கூறி வருகிறது. பழுதான பொருளுக்கு இது வியப்பூட்டும் விலைதான். ஆனாலும் விரும்பி வாங்க ஒருவர் இருந்ததால் அது படிந்த விலை.

2000ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் தன் தளத்தில் பிற விற்பனையாளர்களும் பொருள்களைப் பட்டியலிட வழிசெய்தது. ஒரே நூலைப் பலர் அருகருகே விற்கத் தொடங்கினர். ஆயிரக்கணக்கான பொருள்களை வைத்திருப்பவர் ஒவ்வொன்றின் விலையையும் நாள்தோறும் கையால் மாற்ற இயலாது. ஆகவே போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தம் விலையைத் தானே மாற்றிக்கொள்ளும் கணினி நிரல்கள் புழக்கத்துக்கு வந்தன.

ஈயைப் பற்றிய நூல்

பீட்டர் லாரன்ஸ் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரித்தானிய உயிரியலாளர். பழ ஈயின் முட்டை எவ்வாறு முழு ஈயாக வளர்கிறது என்பதை விளக்கி அவர் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் எ ஃபிளை' என்னும் நூல் 1992இல் வெளிவந்தது. அத்துறை ஆய்வாளர்கள் அடிக்கடி புரட்டும் நூல் அது. காலப்போக்கில் அச்சில் இல்லாமல் போயிற்று.

2011 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் மைக்கேல் ஐசனின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் இந்நூலை வாங்க அமேசானைத் திறந்தார். பழைய படிகள் 15 இருந்தன; அவற்றின் விலை 35.54 டாலரில் தொடங்கியது. புதிய படிகள் இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்றின் விலை 17,30,045 டாலர், மற்றொன்றின் விலை 21,98,177 டாலர். அஞ்சல் செலவு 3.99 டாலர் தனி!

முதலில் இதை யாரோ செய்த விளையாட்டு என்றே ஐசன் எண்ணினார். ஆனால் இரு விற்பனையாளர்களும் பல்லாயிரம் வாடிக்கையாளர்களிடம் நற்பெயர் பெற்றவர்கள். மறுநாள் பார்த்தபோது இரண்டு விலைகளும் 28 லட்சம் டாலரை நெருங்கியிருந்தன. அவர் நாள்தோறும் விலைகளைக் குறித்துவைத்துக் கணக்கிட்டார். முதல் விற்பனையாளரின் விலை ஒவ்வொரு நாளும் இரண்டாமவர் விலையின் 0.9983 மடங்காக மாறியது. பிறகு இரண்டாமவரின் விலை முதலாமவர் விலையின் 1.270589 மடங்காக மாறியது.

முதலாமவரின் நோக்கம் எளிதில் புரிகிறது. போட்டியாளரைவிடச் சற்றுக் குறைவாக விற்றால் வாடிக்கையாளர் தம்மிடம் வருவார். இரண்டாமவர் ஏன் கூடுதல் விலை வைத்தார்? அவர் கையில் நூலே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். யாராவது கேட்டால் முதலாமவரிடம் வாங்கி, தம் பங்கைச் சேர்த்து அனுப்பலாம் அல்லவா? இரண்டு விதிகளும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. ஒன்றையொன்று பார்க்கும்படி விட்டபோதுதான் விலை ஏறிக்கொண்டே போனது.

2011 ஏப்ரல் 18 அன்று விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர் 93 சென்ட் ஆனது. அன்றைய மாற்று மதிப்பில் இது நூறு கோடி ரூபாய்க்கும் மேல். மறுநாள் யாரோ கவனித்துவிட்டனர் போலும். முதலாமவரின் விலை 106.23 டாலராக இறங்கியது. சிறிது நேரத்தில் இரண்டாமவரின் விலை 134.97 டாலர் ஆனது. இது 106.23ஐ 1.270589ஆல் பெருக்கினால் கிடைக்கும் அதே தொகை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

0.9983ஐ 1.270589ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.2684 வரும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் விலை சுமார் 27 விழுக்காடு கூடியது. இது நாம் பள்ளியில் படித்த கூட்டுவட்டிதான். மூன்று நாளுக்குள் விலை இரட்டிப்பாகும். பத்துச் சுற்றில் பத்து மடங்கைத் தாண்டும். 21,98,177 டாலரிலிருந்து பத்துச் சுற்று கணக்கிட்டால் ஏப்ரல் 18ஆம் நாளின் விலை ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். 100 டாலரில் தொடங்கியிருந்தாலும் 52 சுற்றுகளில் இந்த உயரத்தை எட்டிவிடலாம். இத்தனை நாளும் ஒரு மனிதரும் அந்த விலையைப் பார்க்கவில்லை என்பதே இதிலிருந்து தெரிவது.

பிற காரணங்கள்

எல்லா உயர்ந்த விலைகளும் இவ்வாறு பிறப்பதில்லை. தசமப் புள்ளி இடம் மாறிய தட்டச்சுப் பிழைகள் உண்டு. சரக்கு தீர்ந்தபின் பட்டியலை நீக்க விரும்பாமல், யாரும் வாங்காதபடி விலையை ஏற்றி வைப்போரும் உண்டு. ஏமாந்தவர் ஒருவராவது கிடைக்கமாட்டாரா என்று காத்திருப்போரும் இருக்கின்றனர். கடையில் விற்காத காய் அழுகிவிடும். வியாபாரி விலையைக் குறைத்தே தீரவேண்டும். இணையப் பட்டியலுக்கு அந்த நெருக்கடி இல்லை. விற்காமலே ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஒரு பென்னி விலை

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2014 டிசம்பர் 12 அன்று பிரித்தானியாவில் நடந்தது. அமேசான் விற்பனையாளர்கள் பயன்படுத்திய விலைமாற்று நிரல் ஒன்று பழுதுபட்டு, மாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏராளமான பொருள்களின் விலையை ஒரு பென்னியாகக் குறைத்தது. செய்தி பரவியதும் மக்கள் அள்ளிக்கொண்டனர். சிறு வணிகர்கள் பலர் பெரும் இழப்புக்கு உள்ளாயினர்.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் தவறியது நிரல்தான். ஆனால் உயர்ந்த விலைக்கு வாங்குபவர் இல்லாததால் அது வேடிக்கையாக முடிந்தது. தாழ்ந்த விலை உடனே படிந்துவிட்டதால் பலரது தொழிலை ஆட்டியது.

இந்தியாவில்

2022 மே மாதத்தில் அமேசான் இந்தியா தளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலை 25,999 ரூபாய் என்று காணப்பட்டது. 35,900 ரூபாயிலிருந்து 28 விழுக்காடு தள்ளுபடியாம்! சமூக ஊடகங்களில் அது நகைச்சுவையாகப் பரவியது.

இந்தியாவில் பொட்டலப் பொருள்களுக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும். 2018 ஜனவரி முதல் இணைய வணிகத் தளங்களும் அதைக் காட்டவேண்டும். ஆயினும் பழைய நூல், பழைய நாணயம் போன்றவற்றுக்கு அவ்வாறு அச்சிட்ட விலை கிடையாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய நோட்டும் புதிய மோசடியும்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 என்னும் எண் கொண்ட நோட்டு, வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த நாணயம் ஆகியவை லட்சக்கணக்கில் விலைபோகும் என்று இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. சான்றாக ஏதேனும் ஒரு சந்தைப் பட்டியலைக் காட்டுவர். அதில் இருப்பது யாரோ எழுதி வைத்த கேட்ட விலை மட்டுமே.

வீட்டில் அத்தகைய நோட்டை வைத்திருப்பவர் தொடர்புகொண்டால், வாங்கச் சம்மதம் என்பர். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பர். லட்சம் வரப்போகிறது என்னும் நம்பிக்கையில் ஆயிரங்களைக் கட்டுபவர் கடைசியில் எதையும் பெறுவதில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திச் சிலர் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணமும் வரியும் கேட்பதாக அது தெரிவித்தது. தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

கவனிக்க வேண்டியவை

ஒரு பொருளின் மதிப்பை அறிய, விற்பனைக்கு வைத்துள்ள விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். ஈபே போன்ற தளங்களில் விற்றுப்போன பொருள்களை மட்டும் தனியே காணும் வசதி உண்டு. அதே பொருளைப் பலர் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்றும் ஒப்பிடலாம். கோடி டாலர் விலையிட்ட அந்த ஈ நூலின் பழைய படி அதே பக்கத்தில் 35 டாலருக்குக் கிடைத்ததை மறக்கக் கூடாது.

பொருளை விற்பவர் பணம் பெற வேண்டியவர். கட்ட வேண்டியவர் அல்லர். பழைய நோட்டை விற்க முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் கட்டி ஏமாந்திருந்தால் இந்தியாவில் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல மாணவர்களால் முடியும்.