ஊர் வந்துருச்சு, ரோடு வரலை

போன வாரம் ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சு மயிலாப்பூர் திரும்பும்போது வண்டி ஒரு பள்ளத்துல இறங்கி முன் வீல் கோணிப்போச்சு. நமக்கு முட்டியில சிராய்ப்பு மட்டும்தான். மறுநாள் ஒரு ஆபீசுக்கு போன் போட்டேன். "அது எங்க ரோடு இல்ல சார்." அவங்க கைகாட்டின இன்னொரு ஆபீசுக்குப் போட்டேன். "லிமிட்டுக்குள்ளதான சார் வருது, அவங்களையே கேளுங்க."

இந்தக் கதையை ஹவுஸ் ஓனர் மாமாகிட்ட சொன்னேன். எண்பது வயசுக்காரர். சிரிச்சுட்டு, "நான் சின்னப் பையனா இருந்தப்போ ஊர் எல்லையைத் தாண்டினா ஜில்லா போர்டு ரோடுடா. யாரைத் திட்டணும்னாவது தெரியும்" என்றார்.

ஜில்லா போர்டா? அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

மக்களே, விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்துல பட்டணத்து ரோடு கார்ப்பரேஷன் பொறுப்பு, எல்லைக்கு வெளியே செங்கல்பட்டு ஜில்லா போர்டு பொறுப்பு. பட்டணம் வீங்க வீங்க எல்லை நகர்ந்தது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகரை உருவாக்கினார்கள். பனகல் பார்க்கை நடுவில் வைத்து முதலில் தெரு, அப்புறம்தான் வீடு. அதனால அங்கே யார் ரோடுங்கற குழப்பமே பெரிசா வரலை. (இப்ப ரங்கநாதன் தெருவுல ரோடு இருக்கான்னே தெரியாது, அது வேற கதை.)

1946-ல் சைதாப்பேட்டைப் பக்கம் நகரத்தோடு சேர்ந்தது. அதே 1946-ல்தான் மாகாணத்துக்குன்னு தனியா நெடுஞ்சாலைத் துறையும் பிறந்தது. பிறகு ஜில்லா போர்டுகளைக் கலைத்ததும் அவற்றின் முக்கியமான சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கும், சின்னச் சின்ன கிராமத்து ரோடுகள் பஞ்சாயத்து யூனியன்களுக்கும் போயின. பாகப்பிரிவினை மாதிரிதான். மாமா சொன்ன அந்த 'திட்டறதுக்கு ஒரே ஆள்' அதோட போயாச்சு.

இதுக்கப்புறம் நகரம் பக்கத்து ஊரை விழுங்கினால் என்ன ஆகும்? ஊருக்குள்ள இருக்கற தெருக்கள் கார்ப்பரேஷனுக்கு வரும். நடுவுல ஓடற பெரிய ரோடு பெரும்பாலும் பழைய ஓனர்கிட்டயே இருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் இதை ஒரே வரியில் முடிக்கிறது: கவுண்டி ரோட்டின் இரண்டு பக்க நிலத்தையும் நகரம் சேர்த்துக்கொண்டால், ரோடும் அதன் பராமரிப்பும் நகரத்தின் தலையில். நிலம் வேணும்னா பள்ளத்தையும் எடுத்துக்கோ! நம்ம ஊர்ல அப்படிக் கிடையாது.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம பொட்டி தட்டுற கூட்டம் தினமும் போற ஓ.எம்.ஆர். தான். மத்திய கைலாஷில் ஆரம்பித்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர். அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனம் ஆறு வழியாக்கி, 2008-ல் திறந்து, பெருங்குடியில் டோல் வைத்தது. அப்போ பெருங்குடி பேரூராட்சி, நகருக்கு வெளியே. சரி, ஊருக்கு வெளியே டோல், நியாயம்தான்.

2011 அக்டோபரில் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, ஆக மொத்தம் 42 ஊர்கள் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆச்சு, 155 வார்டு 200 ஆச்சு. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மண்டலங்களே ஆகிவிட்டன. டோல் கேட் மட்டும் அசையலை. கந்தன்சாவடியில் இருக்கும் ஒருத்தர் மாநகராட்சிக்குச் சொத்துவரி கட்டிட்டு, அதே மாநகராட்சியில் இருக்கற துரைப்பாக்கத்துக்குக் கார்ல போக டோலும் கட்டினார். (பைக்குக்கு டோல் இல்லாததால நான் வாயை மூடிட்டிருந்தேன் :-)

டோல்காரங்க பக்கமும் ஒரு நியாயம் உண்டு. போட்ட பணத்தை எடுக்கணும். எல்லைக்கோடு மாறினதால அந்தக் கணக்கு மாறாது. தவிர, பல ஊரைத் தாண்டிப் போற ரோட்டை ஒவ்வொரு ஊரும் துண்டுதுண்டாப் பார்த்துக்கிட்டா உருப்படுமா? ஒத்துக்கறேன். ஆனா மழை நாள்ல உள்தெருத் தண்ணி மெயின் ரோட்டுக்கு வரும்போது, அந்த முக்குல யார் நிற்பாங்க? நான் பார்த்த வரைக்கும் அங்கே நிக்கறது தண்ணி மட்டும்தான்.

கடைசியில் பெருங்குடி டோல் 2021 ஆகஸ்ட் 30-ல் நின்றது. நகருக்குள்ளே டோல் கூடாதுன்னு பத்து வருஷமா ஜனங்க கத்தினதை விட, மெட்ரோ வேலை நடக்குதுங்கற காரணம்தான் பெரிசா சொல்லப்பட்டது. எல்லைக்கு வெளியே இருக்கும் நாவலூர் டோல் 2023 அக்டோபர் வரை ஓடியது.

இன்னொரு கூத்து. 2011-லேர்ந்து 2018-ல் சென்னை மாவட்டத்தை விரிவுபடுத்தும் வரை சோழிங்கநல்லூர்க்காரருக்குக் குப்பை அள்ளுவது சென்னை மாநகராட்சி, பட்டா வாங்கப் போகவேண்டியது காஞ்சிபுரம் மாவட்டத்து ஆபீஸ்.

வீலை நானே காசு போட்டு நிமிர்த்திட்டேன். பள்ளம் அப்படியேதான் இருக்கு, மேலே ஒரு மரக்கிளையை யாரோ நட்டு வெச்சிருக்காங்க. மதுரை, கோவை, திருச்சி நண்பர்களே, உங்க பக்கம் புதுசா மாநகராட்சியில சேர்ந்த ஊர்கள்ல மெயின் ரோடு யார்கிட்ட இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வீட்ல பெரியவங்க இருந்தா ஜில்லா போர்டு ரோடு பத்தியும் கேட்டு எழுதுங்க, மாமாவுக்குப் படிச்சுக் காட்டணும்.