பெயரன் என்னும் சொல்லும் பெயரேடும்

மக்களின் மகனைக் குறிக்கும் ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபாகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயரிடும் வழக்கத்தையே உறவுமுறைச் சொல்லாக்கி வைத்திருக்கும் மொழி தமிழ். பிற்காலச் சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களையும், பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்களையும் மாறி மாறிப் புனைந்தனர். தந்தைக்குப்பின் மகன் என அரசுரிமை வந்தவிடத்துப் பாட்டனின் பட்டமே பேரனை வந்தடைந்தது. அரண்மனைக்கும் குடிசைக்கும் பொதுவாயிருந்த மரபு இது.

பழந்தமிழர் பெயர்கள் தம் வரலாற்றைத் தாமே சுமந்து நின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும், தந்தையும், தந்தையின் ஆசிரியத் தொழிலும் அடங்கியுள்ளன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றால், அவர் தானியம் விற்றவர் என்பது கூறாமலே விளங்கும். இயற்பெயர் மறைந்த புலவர் சிலருக்குப் பாட்டில் ஆண்ட தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோர் அத்தகையோர். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழிக் கல்வெட்டு, சேரர் குடியின் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தந்தை, மகன், மகன் மகன் என வரிசைப்படுத்துகிறது. குடும்பப் பெயரேடு ஒன்று கல்லில் எழுதப்பட்டதற்கு அதனை ஒப்பிடலாம்.

கல்வெட்டில் இடம்பெறாத எளிய குடும்பங்களின் வரலாறும் பெயர்களுக்குள்தான் உறைகின்றது. குப்பன், குப்பம்மாள், பிச்சை என்னும் பெயர்களைக் கேட்டு நகைப்போர் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், பிறர் கையில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கியும் இட்ட பெயர்கள் அவை. இழிந்த பெயருடைய பிள்ளையைக் கூற்றுவன் நாடான் என்பது நம்பிக்கை. ‘போதும்பொண்ணு’ என்னும் பெயரில் பெண்மகவைச் சுமையெனக் கருதிய சமூகத்தின் முகம் தெரிகின்றது. இவற்றின் காரணத்தைச் சொல்லும் பாட்டியர் மறைந்தால், எஞ்சுவது நகைப்பு மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டில் பெயர்கள் பெருமாற்றம் கண்டன. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரினின்றும் நீக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. தமிழகத்தில் பட்டங்கள் பெரும்பாலும் உதிர்ந்து, தலைப்பெழுத்துகள் நிலைத்தன. அஃது உயரிய ஆக்கம். எவரும் அதனைத் திரும்பப் பெற விழையார். ஆயினும் ஊரும் தந்தையும் ஓரெழுத்தாகச் சுருங்கியபோது அவற்றின் கதைகளும் உடன் சுருங்கின. தலைப்பெழுத்தில் நிற்கும் ஊரில் முன்னோர் என்ன செய்தனர், ஏன் அவ்வூரை விட்டு வந்தனர் என்பவற்றுக்கு விடை கூறவியலாத வீடுகள் பல.

அவ்விழப்பின் ஆழத்தைக் கடல் கடந்த தமிழர் நன்கு அறிவர். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலடையாளம் ஆகியவை கப்பற் பதிவேட்டில் எழுதப்பட்டன. அங்குப் பட்டங்களும் தந்தையர் பெயர்களும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன; ‘முதலியார்’ என்பது ‘மூட்லி’ ஆயிற்று. தாயகத்தில் உதிர்ந்த பட்டம், அங்குத் தாயகத்தை நினைவூட்டும் அடையாளமாக நின்றது ஒரு விந்தையே. தம் முன்னோரின் ஊரைத் தேடும் வழித்தோன்றல்களுக்கு அப்பதிவேடே முதல் துணை. கூலியாட்களை எண்ணி வைக்க எழுதப்பட்ட ஏடு, காலப்போக்கில் குடும்ப ஏடாயிற்று.

அந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் ஒரு பெயர் தனித்து நோக்கத்தக்கது. 1898-இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, 1913-இல் காந்தியடிகளின் அறப்போரில் ஈடுபட்டுச் சிறைசென்றார். காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறு வயதில் மறைந்தார். தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி ஊர். அவர் பிறந்ததும் இறந்ததும் தென்னாப்பிரிக்காவில். எனினும் தமிழகம் அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்றே போற்றுகின்றது. 1915-இல் காந்தியடிகள் அவ்வூருக்கே வந்து சென்றார். ‘தி’ என்னும் ஓரெழுத்தாக அவ்வூர் சுருங்கியிருப்பின், மயிலாடுதுறைப் பகுதிச் சிற்றூர் ஒன்றுக்கும் தென்னாப்பிரிக்க மண்ணுக்கும் உள்ள இத்தொடர்பு இத்துணை எளிதில் நெஞ்சில் நில்லாது.

ஆதலின், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயரேடு இருத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கோடிட்ட ஏடு ஒன்று போதும். பக்கத்திற்கு ஒருவராகப் பெயரை எழுதி, அதனை இட்டவர் யார், எக்காரணம் பற்றி இட்டார், குலதெய்வத்தின் பெயரா, பாட்டியின் பெயரா, வீட்டில் அழைத்த செல்லப் பெயர் யாது என்பவற்றைக் குறிக்கலாம். தலைப்பெழுத்துகளை முழுமையாக விரித்தெழுதுதல் இன்றியமையாதது. பழைய புகைப்படம், திருமண அழைப்பிதழ், பள்ளிச் சான்றின் படி, பனையோலைச் சாதகம் ஆகியவற்றை உரிய பக்கத்தில் வைக்கலாம். பெண்வழி முன்னோரைத் தவறாது சேர்த்தல் வேண்டும்; தலைப்பெழுத்தில் பெரிதும் இடம் பெறாதோர் அவர்களே.

முதியோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்படுதல் நன்று. பாட்டனின் பெயரோடு அதன் கதையையும் பெறும் பிள்ளையே ‘பெயரன்’ என்னும் சொல்லுக்கு முழுதும் உரியவனாவான்.