ஈறு டாக்டருக்கு எதுக்குங்க பிஎச்.டி?

பல் டாக்டரை எல்லாருக்கும் தெரியும். பல்லைச் சுற்றி இருக்கிற ஈறுக்கும் எலும்புக்கும் மட்டும் தனியா ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார்னு சொன்னா பாதிப் பேர் நம்ப மாட்டீங்க. அந்தத் துறைக்குப் பெயர் பெரியோடான்டிக்ஸ். அமெரிக்காவில் சிலர் இந்தச் சிறப்புப் பயிற்சியையும் பிஎச்.டி ஆராய்ச்சியையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படிக்கிறாங்க. பல் மருத்துவம் முடிச்ச பிறகு இன்னும் ஆறேழு வருஷம் கூட ஆகும்.

"பல்லு விளக்குறதுல அப்படி என்ன சார் ஆராய்ச்சி?"

நியாயமான கேள்விதான். இதற்கான பதிலில் பெரிய பங்கு நம்மவர்கள் வாயில் இருந்து வந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

முதல்ல நோயைச் சொல்லிடறேன். ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் வருவது முதல் கட்டம். இதைச் சரி செய்யலாம். அடுத்த கட்டத்தில் பல்லையும் எலும்பையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற இழைகள் அறுந்து, எலும்பும் கரையும். பல் ஆட ஆரம்பிக்கும், கடைசியில் விழும். பழைய பற்பொடி விளம்பரங்களில் 'பயோரியா'ன்னு படிச்சிருப்பீங்களே, அதுதான். பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத நோய்க்கு யாரும் டாக்டர்கிட்ட போக மாட்டாங்க, அதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல்.

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இதற்கு 'ரிக்ஸ் நோய்' என்றே பெயர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருந்த ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் இதற்காகவே பேர் வாங்கியவர். (மயக்க மருந்து வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு. 1844 டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தபோது, அவர் பல்லைப் பிடுங்கியவர் இந்த ரிக்ஸ்தான்.) பல்லில் படிகிற காரையைச் சுத்தமா சுரண்டி எடுத்தா ஈறு ஆறும் என்பது அவர் கட்சி. உடம்பில் வேறெங்கோ கோளாறு, அது ஈறில் தெரியுதுன்னு சொன்ன கட்சியும் இருந்தது. இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது. ஆளுக்கொரு அனுபவம் பேசினாங்களே தவிர, யாரிடமும் அளவு இல்லை.

1914-ல் கில்லெட் ஹேடன், கிரேஸ் ராஜர்ஸ் ஸ்பால்டிங் என்ற இரண்டு பெண் பல் மருத்துவர்கள் ஈறு நோய்க்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினாங்க. இன்றைய அமெரிக்கன் அகாடமி ஆஃப் பெரியோடான்டாலஜி அதிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைத்ததே 1920-ல். ஒரு முழு மருத்துவச் சிறப்புத் துறையை ரெண்டு பெண்கள் ஆரம்பிச்ச கதை இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு ஆச்சரியம்தான்.

சங்கம் வந்தது, 1930-ல் தனி இதழும் வந்தது. ஆனா அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. ஈறு நோய் எதனால் வருது? விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இதில் இரண்டாவது கேள்வியை டாக்டர் தன் கிளினிக்கில் உட்கார்ந்தே தீர்க்க முடியாது. வருகிற நோயாளியை அவர் விட்டுப் பார்க்க முடியாது, வராத நோயாளியை அவருக்குத் தெரியவே தெரியாது. ஆய்வகத்தில் மட்டும் இருக்கிறவருக்கோ ஈறைத் தொட்டு அளக்கத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்படி ஒருத்தர்தான் நார்வேக்காரர் ஹெரால்ட் லோ. 1926-ல் பிறந்தவர். ஆஸ்லோவில் பல் மருத்துவம் முடித்து, பிறகு ஆராய்ச்சிக்கான டாக்டர் பட்டமும் வாங்கினார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல் மருத்துவப் பேராசிரியராக வேண்டுமென்றால் இப்படியொரு கனமான ஆய்வேடு வேண்டும் என்ற மரபு முன்பே இருந்தது.

லோ முதலில் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. 1963-ல் சில்னஸ் என்பவருடன் சேர்ந்து ஈறு வீக்கத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையை வகுத்தார். அடுத்த வருஷம் பல் அழுக்குப் படலத்துக்கும் அதே மாதிரி. இன்றைக்கும் நம்ம ஊர் எம்.டி.எஸ் மாணவர்கள் தீசிஸ் எழுதும்போது இந்த மதிப்பெண்களைத்தான் போடறாங்க. அளவுகோல் கைக்கு வந்த பிறகு நூறு வருஷச் சண்டை வேகமா முடிந்தது.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலும் முதலாண்டு பல் மருத்துவ மாணவர்கள், எல்லாருக்கும் ஆரோக்கியமான ஈறு. 10 முதல் 21 நாளைக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார், ஒரு வாரம் போலத்தான், ஈறு பழையபடி ஆனது. அழுக்குப் படலம்தான் காரணம் என்று மனிதர்களிலேயே நிரூபித்த சோதனை இது. வேறு வேறு நோயாளிகளை ஒப்பிடும் வேலையே இல்லை. அதே ஆள், அதே வாய்.

சரி, மூணு வாரத்துக்குத் தெரிஞ்சுது. முப்பது வருஷத்துக்கு?

ஜென்ஸ் வேர்ஹாக் என்ற இன்னொரு நார்வே ஆய்வாளர் இலங்கையில் ஈறு நோய்க் கணக்கெடுப்பு நடத்தி, 1967-ல் அதன் இறுதி அறிக்கையை வெளியிட்டிருந்தார். வெற்றிலை, புகையிலை, சத்துக்குறைவு எல்லாம் சேர்த்துப் பார்த்தது. ஆனா அது ஒரு நேரத்தில் எடுத்த போட்டோ மாதிரி. லோவுக்கு சினிமா வேண்டும்.

1969-ல் ஆஸ்லோவில் 565 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். மாணவர்களும் படித்தவர்களும். சின்ன வயசிலிருந்தே பல் டாக்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1970-ல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். இவர்களிடம் பிரஷ் கிடையாது, பேஸ்ட் கிடையாது. ஆய்வில் இவர்களைச் சேர்த்ததற்குக் காரணமே அதுதான்.

மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் என்றால் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கூட்டிப்போன தமிழர்களின் பேரன் பேத்திகள்.

1970, 71, 73, 77, 82, 85 என்று ஆறு முறை அந்தத் தோட்டங்களுக்குப் போய் வாயைத் திறந்து அளந்தாங்க. கடைசி முறை, முதல் பரிசோதனையில் இருந்த 480 பேரில் 161 பேர்தான் மிச்சம். அந்தப் பதினைந்து வருஷம் மலையகத்தில் எப்படிப்பட்ட காலம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். இடையில் 1977 கலவரம், பிறகு 1983.

1986-ல் முடிவு வந்தது. எல்லார் வாயிலும் அழுக்கு, எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனா விளைவு எல்லாருக்கும் ஒன்று இல்லை.

சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்தது. 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35-ல் 12 பல், 40-ல் 20 பல், 45-ல் வாயே காலி. சுமார் 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் போனது, 45 வயதில் சராசரியா 7 பல் இழப்பு. மீதி 11 சதவீதம் பேர்? ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. பல்லே விழவில்லை!

ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. சொத்தைப் பல் இவர்களிடம் கிட்டத்தட்ட கிடையாது, அதனால் பல் போனது ஈறு நோயால்தான் என்பதிலும் குழப்பம் இல்லை. அப்படியிருந்தும் 45 வயதில் ஒருவர் பொக்கை வாய், பக்கத்து லயத்துக்காரர் எலும்பு கடிக்கிறார்.

த்ரெட்டின் தலைப்புக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கு. நோயைக் கிளப்புவது அழுக்கு. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் உடம்பின் எதிர்வினைக்குப் பெரிய பங்கு. நூறு வருஷம் முன்னாடி சண்டை போட்ட இரண்டு கட்சியிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கு. அந்த 8-க்கும் 11-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நோய் எதிர்ப்பியல், மரபியல், நுண்ணுயிரியல் எல்லாம் தெரிய வேண்டும். காரை சுரண்டும் கைத்திறன் மட்டும் போதாது.

லோ 1983-ல் அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார், 1994 வரை இருந்தார். அவர் காலத்தில், 1980-களின் நடுவில், 'டென்டிஸ்ட் சயன்டிஸ்ட்' என்ற ஐந்தாண்டுப் பயிற்சித் திட்டம் வந்தது. சிறப்பு மருத்துவப் பயிற்சியும் பிஎச்.டி-யும் சேர்த்து, அரசு நிதியில். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் இரட்டைப் படிப்புகளுக்கு இது ஒரு முக்கியமான முன்னோடி.

நம்ம நாட்டில் எம்.டி.எஸ் மூன்று வருஷம், அதற்குள் ஒரு தீசிஸ். பிஎச்.டி வேண்டுமென்றால் அதன் பிறகு தனியா. மூணு வருஷத்தில் நோயாளியும் பார்த்து, பரீட்சையும் எழுதி, ஒரு தீசிஸில் எத்தனை வருஷ நோயைப் பின்தொடர முடியும்? மாணவர்கள்மேல் குறை சொல்லிப் பயனில்லை, நாள் கணக்கு அப்படி.

1993-ல் லோ இன்னொரு கட்டுரை எழுதினார். ஈறு நோயை சர்க்கரை நோயின் 'ஆறாவது சிக்கல்' என்றார். கண், கிட்னி, நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண், அடுத்து ஈறு. என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வர்றீங்க இல்லையா, பல் ஆடுது, துலக்கினா ரத்தம் வருதுன்னா அதையும் அங்கேயே சொல்லுங்க.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. ஆர்ஹஸ் மாணவர்களுக்கு மூணு வாரத்தில் பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தாங்க. தோட்டத்தில் அந்த ஆய்வின் மதிப்பே பிரஷ் இல்லாமல் இருந்ததில்தான். இப்படியொரு திட்டத்தை இன்றைக்கு ஒரு எதிக்ஸ் கமிட்டி முன்னால் வைத்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். உலகம் முழுக்க ஈறு மருத்துவம் படிக்கிறவர்கள் '8, 81, 11' என்று மனப்பாடம் செய்யறாங்க. அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிற ஒருத்தர் பேரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

2010-ல் ஆய்வாளர்கள் மறுபடி போனாங்க. 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது, முடிவு 2017-ல் வெளியானது. நாற்பது வருஷம் கழித்து, சிலருக்கு ஒரு பல் கூட விழவில்லை. சிலருக்கு 28-ம் போயிருந்தது.