செய்திக்குறிப்பு: தலித் சிறுதொழில்கள் ஏட்டில் இடம்பெறும் வழி

1920 சனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதன் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூட ‘கேசரி’ மறுத்தது. இன்று பணம் கொடுத்தால் விளம்பரம் வரும். சிறுதொழில் செய்யும் தலித்துகளிடம் அந்தப் பணம்தான் இல்லை. கட்டணமின்றி ஏட்டில் இடம்பெறுவதற்கு எஞ்சியிருக்கும் கருவி செய்திக்குறிப்பு. அதைக் கையாளும் முறையை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

இக்கருவி முதலாளிகளின் கண்டுபிடிப்பு. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நேர்ந்த தொடர்வண்டி விபத்தைப் பற்றி, இரயில் நிறுவனத்தின் சார்பில் ஐவி லீ எழுதித் தந்த குறிப்பையே முதல் செய்திக்குறிப்பு என்பர். தகவலை ஒழுங்காக எழுதித் தருபவரின் சொற்கள் அச்சேறுகின்றன என்பதை நிறுவனங்கள் அன்றே அறிந்துகொண்டன.

‘எங்கள் காலணிகள் தரமானவை’ என்பது செய்தியன்று, விளம்பரம். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் பெற வேண்டும். ஆம்பூரிலுள்ள ஒரு தோல்பொருள் பட்டறை அவ்வொதுக்கீட்டின் கீழ் தன் முதல் ஆணையைப் பெறுகிறது என்று கொள்வோம். அது செய்தி. சட்டம் ஏட்டளவில் நிற்கிறதா, நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதற்கு அப்பட்டறை சான்றாகிறது.

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. மேலே நாள், ஊர். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது. பிறகு உரிமையாளரின் கூற்று ஒன்று, தொழிலாளர் எண்ணிக்கை, இறுதியில் பேசுவதற்கு ஆயத்தமாக இருப்பவரின் கைப்பேசி எண். ஒருங்குறியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலின் உடலிலேயே இடுக. பழைய எழுத்துருவில் அனுப்பினால் உதவி ஆசிரியர் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். படத்தில் இருப்போர் பெயர்களை இடமிருந்து வலமாகக் குறிப்பிடுக. சென்னை அலுவலகத்தைவிட வட்டாரச் செய்தியாளரே பயனுள்ளவர்; மாவட்டப் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு அவருடையது. ‘விளம்பரம் தந்தால் செய்தி போடுகிறோம்’ என்ற பேரம் வருமானால் மறுத்துவிட்டு அடுத்த ஏட்டை நாடுவதே நம் பரிந்துரை.

சாதியைக் குறிப்பதா என்பதே கடினமான கேள்வி. 1996இல் பி. என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்றோரிடையே ஒருவரையும் அவரால் காண முடியவில்லை. அத்தகைய செய்தி அறைகளுக்குத் தலித் உரிமையாளர் என்றால் இரண்டே கதைகள்தாம் தெரியும்: இரக்கத்துக்குரியவர் அல்லது ‘சேற்றில் மலர்ந்த செந்தாமரை’. தொழில் திறனோ, கடன் தர மறுத்த வங்கியோ அக்கதைகளில் இடம்பெறுவதில்லை. சாதியைச் சொன்னால் உள்ளூர் வாடிக்கையாளர் விலகுவர் என்ற அச்சமும் மெய்யானதே, உணவுத் தொழிலில் மிகுதியாக. ஆகவே இம்முடிவை உரிமையாளரே எடுக்க வேண்டும். உதவிக்கு வரும் இயக்கத் தோழர்கள் அவருக்காக முடிவெடுக்கலாகாது. சொல்வதென முடிவு செய்தால் அதை உரிமையின் மொழியில் சொல்லுக: எந்த ஒதுக்கீடு, எந்த ஆணை, எத்தனை மாத அலைச்சல்.

வெளிவந்த செய்தியை வெட்டி நாளிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்க. வங்கி மேலாளரிடம் காட்டப் பயன்படும். தவறாகவோ இழிவாகவோ எழுதப்பட்டிருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத்துவழி மறுப்பு அனுப்புக. அவர் செவிமடுக்காவிடில் அம்மறுப்பின் நகலோடு இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம்.