ஆடுபுலியிலிருந்து நிரல் வரை

தமிழகக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆடுகளால் எதையும் வெட்ட முடியாது. புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. பலத்துக்கு எண்ணிக்கை ஈடாகும்படி விதிகளை வகுத்த இந்த நுட்பமே, இன்று கல்லூரிகள் கற்பிக்கும் கேம் டிசைனின் கரு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் அதைப் படிக்க விரும்பினால், தன் மண்ணில் வேர்விட்ட கலையைத்தான் கேட்கிறார்.

திண்ணை ஆட்டத்துக்கும் நிரலாக்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நேபாளத்தின் பாக்சால் இதே வகை ஆட்டம். 4 புலி, 20 ஆடு. இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற கணினி அறிஞர்கள் கணினியைக் கொண்டே நிறுவினர். விதியைத் துல்லியமாக வகுக்கத் தெரிந்தவர்களுக்கு நிரல் அடுத்த படிதான்.

அப்படியானால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு இந்தப் படிப்பு ஏன் இவ்வளவு தாமதமாக எட்டுகிறது? ஆர்வமின்மை என்பார்கள், வரலாறு வேறு காரணம் சொல்கிறது. ஜாகிர்தாரர்கள் என்ற நிலப்பிரபுக்களின் பிடியில் இருந்த மலையை அரசு எடுத்துக்கொண்டதே 1976-இல்தான். அங்குள்ளவர்களுக்கு வாக்குரிமை 1996-இல்தான் கிடைத்தது என்பதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. குடிமகனாகவே எண்ணப்படாதவரிடம் கல்லூரி விண்ணப்பத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

கைப்பேசி இருந்தால் போதும், யாரும் தானே கற்கலாம் என்பது இன்னொரு வாதம். கற்கலாம்தான், ஆனால் கல்லூரி இடத்தைச் சட்டம்தான் திறந்துவிட்டது. 2007-இல் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீங்கியது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. எனவே பெயர்ப்பலகையில் ‘கேம்’ என்ற சொல்லைத் தேடிக் கட்டணம் கட்டுவதைவிட, கணிதமும் நிரலாக்கமும் ஆழமாகக் கற்பிக்கும் கல்லூரியில் கலந்தாய்வு வழியே சேர்வது நல்லது. பெங்களூருவில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நடத்தும் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு அதற்குப் பிறகும் காத்திருக்கும். இந்த வழி இருக்கிறது என்ற செய்தியை கல்வராயன் மலையின் வெள்ளிமலை வகுப்பறை வரை கொண்டுசேர்ப்பது, பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நடக்க வேண்டிய வேலை.