பொழுது சாயுமுன் கூலி: உபாகமம் 24:14–15 விளக்கவுரை

ஐந்தாகமங்களை மோசே ஒருவரே எழுதவில்லை, பல காலத்துப் பல கைகள் அதில் உண்டு என்று சொன்னால் அட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சபையார் சிலர் முகம் சுளிப்பார்கள். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படித்துவரும் குருமாருக்கு இது புதிதாக இராது. ஆனாலும் பிரசங்க மேடைக்கு இந்தப் பேச்சு ஏறுவது குறைவு. எனக்கோ இந்த ஆய்வுகள்தான் வசனத்தைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவருகின்றன.

முதற் பகுதி: வறிய கூலியாளை, சொந்த இனத்தானோ ஊரில் தங்கிய அந்நியனோ, வருத்தக்கூடாது.

இதே சட்டம் லேவியராகமம் 19:13இலும் உண்டு. அங்கே அந்நியன் பேச்சில்லை. லேவியராகமம் 17 முதல் 26 வரையான அதிகாரங்களுக்கு 1877இல் ஆய்வாளர் கிளோஸ்டர்மன் 'பரிசுத்தச் சட்டம்' என்று பெயரிட்டார். அது முந்தியதா, உபாகமம் முந்தியதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கி.மு. 722 அளவில் சமாரியா விழுந்தபின் வடக்கிலிருந்து யூதாவுக்கு ஓடிவந்தவர்களை மனத்தில் வைத்தே உபாகமம் அந்நியனைச் சேர்த்தது என்பது ஒரு சாராரின் கருத்து. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிய தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கருத்தை விளக்க அதிக நேரம் தேவைப்படாது.

இரண்டாம் பகுதி: அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடு, அவன் உயிர் அதை நம்பியே இருக்கிறது.

உபாகமத்தை யோசியா அரசனின் கி.மு. 622 சீர்திருத்தத்தோடு 1805இல் இணைத்தவர் ஆய்வாளர் டி வெட்டே. யோசியாவின் காலத்தை ஒட்டிய ஓட்டுச்சில்லு ஒன்று யாவ்னே கடற்கரைக்கு அருகே 1960இல் கிடைத்தது. மையால் எழுதிய பதினான்கு வரி. ஓர் அறுவடைத் தொழிலாளி அதிகாரிக்குச் செய்த முறையீடு. தன் வேலையை அளவுப்படி முடித்துத் தானியத்தைச் சேர்த்துவைத்தேன், அப்படியிருந்தும் ஓசாயாகு என்பவன் மேலாடையைப் பறித்துக்கொண்டான், வெயிலில் கூட அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி என்கிறான். அடகு வாங்கிய ஆடையைச் சூரியன் மறையும்போது திருப்பிக் கொடு என்பது நம் வசனத்துக்குச் சற்று முந்திய சட்டம். சட்டம் வெறும் இலட்சியமல்ல, நடந்துகொண்டிருந்த அநியாயத்துக்கு எதிராகவே எழுதப்பட்டது என்பதற்கு நான் கண்டதில் நல்ல சான்று இதுதான். ஐந்தாகமங்களின் மூலங்களை எந்தெந்த எழுத்தால் பெயரிட்டுப் பிரிப்பது என்ற, ஆய்வாளர் வெல்ஹவுசன் வழிச் சண்டையைவிட இந்தச் சில்லு எனக்குப் பெரிது.

கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் சம்பளம், போடப்பட்டவருக்கு அந்த முறையீட்டின் தொனி புரியும். கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி ஆளையே கட்டிவைத்த பெரிய கங்காணி முறையும் ஒருவகை அடகுதான். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். அன்றாடம் கூலி என்பது மட்டும் தோட்டத்துக்கு வரவில்லை. வேலைக்கான பேர் ஒவ்வொரு நாளும் பதியப்படுகிறது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, நடுவே அட்வான்ஸ்.

மூன்றாம் பகுதி: அவன் உனக்கு எதிராகக் கர்த்தரிடம் கூப்பிட்டால் அது உன்மேல் பாவம்.

தண்டனை சொல்லவில்லை, நீதிமன்றமும் இல்லை. 'செய்தால் இன்ன தண்டனை' என்ற வழக்குச் சட்டம் வேறு, நேரடிக் கட்டளை வேறு என்று 1934இல் பிரித்துக் காட்டினார் ஆய்வாளர் ஆல்ட். இது இரண்டாம் வகை. ஹமுராபி சட்டத்தின் 273ஆம் பிரிவோ நாட்கூலியை இத்தனை வெள்ளி என்றே நிர்ணயிக்கிறது. உபாகமம் எப்போது கொடுப்பது என்று சொல்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. தோட்டத்தில் சண்டை பெரும்பாலும் அந்த எவ்வளவைப் பற்றியே. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வரவே 2021 ஆயிற்று. ஆகவே சம்பளக் கூட்டங்களில் இந்த வசனத்தை எடுப்பவர்கள் கவனிக்க: கூலியைத் தாமதிப்பதற்கு எதிராக இது உறுதியான சாட்சி, தொகையை இதைக் காட்டிக் கேட்க முடியாது, அதற்கு வேறு நியாயம் பேச வேண்டும்.